பெயர் மாறிய சோலை

அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் பெயரைத் தாங்கி நிற்கும் சான் பிரான்சிஸ்கோ மாநகரில், கோல்டன் கேட் பூங்காவினுள் ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் ஒன்று உண்டு. தேயிலை விளையும் தோட்டமன்று அது. குளமும் பாறையும் வளைபாலமும் சூழ அமர்ந்து, தேநீர் அருந்தி, மனம் அடங்குதற்குரிய சோலை. அதன் அழகை எழுதியோர் பலர். அதனை ஆக்கியவர்களைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

1894-ஆம் ஆண்டு அப்பூங்காவில் நடைபெற்ற கண்காட்சிக்கென ஜப்பானியச் சிற்றூர் ஒன்று அமைக்கப்பட்டது. கண்காட்சி முடிந்தபின் அதனை நிலையான தோட்டமாக்க முன்வந்தவர் மகோட்டோ ஹகிவாரா என்னும் ஜப்பானியர். பூங்காவின் கண்காணிப்பாளர் ஜான் மெக்லாரன் அதற்கு இசைந்தார். ஹகிவாரா தம் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து, கைப்பொருளைச் செலவிட்டு, ஏறத்தாழ ஓர் ஏக்கராக இருந்ததை ஐந்து ஏக்கராக வளர்த்தார். தாயகத்திலிருந்து செடிகளையும் மீன்களையும் வருவித்தார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் என்றும் அயலாரே. ஜப்பானில் பிறந்தோர் அக்காலத்தில் அமெரிக்கக் குடியுரிமை பெற இயலாது. அத்தகையோர் விளைநிலம் வாங்குவதையும் 1913-இல் கலிபோர்னியா தடுத்துவிட்டது. ஊரார்க்கு நிழல் தரும் மரத்தை நட்டவருக்கு ஊரில் ஒரு பிடி மண் உரிமையில்லை! 1925-இல் அவர் மறைந்தார். மகளின் குடும்பம் தோட்டத்தைப் பேணியது.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால், மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். ஹகிவாரா குடும்பத்தினர் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில், டோப்பாஸ் முகாமில் வைக்கப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து 'ஜப்பானிய' என்னும் சொல் நீக்கப்பட்டு, 'கீழைத்தேய' என்னும் சொல் இடப்பட்டது.

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோர் அங்கேயே வீடு கட்டவும் தோட்டம் அமைக்கவும் வேண்டுமென இறைவாக்கினர் எரேமியா மடல் எழுதியதை நாம் அறிவோம். கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைபட்ட ஜப்பானியரும் முள்வேலிக்குள் குளம் வெட்டினர். பாறை அடுக்கிச் சோலைகள் சமைத்தனர். அவற்றின் சுவடுகள் இன்றும் அங்கு உள்ளன.

போருக்குப்பின் 1952-இல் தோட்டத்திற்குப் பழைய பெயர் திரும்பியது. அடுத்த ஆண்டு, ஜப்பானியச் சிறுவர் சிறுமியர் சேர்த்த காசில் வாங்கப்பட்ட சமாதான விளக்கு ஒன்றும் வந்து சேர்ந்தது. குண்டுகளின் அழிவைக் கண்ட நாட்டின் பிள்ளைகள் நட்பின் கையை நீட்டினர். நகரமோ தன் தோட்டக்காரர் குடும்பத்தை மீண்டும் அங்குக் குடியமர்த்தவில்லை. இஃது எமக்கு நெருடலாகவே இருக்கிறது. முகாம்களில் அடைக்கப்பட்டு உயிரோடிருந்தோரிடம் மன்னிப்புக் கோரி, ஆளுக்கு 20,000 டாலர் வழங்க 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. அதற்குள் நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அக்குடும்பம் வளர்த்த குறுமரங்களின் கதை வேறு. வெளியேறியபோது அவை பிறர் கைக்குச் சென்றன. பின்னர் அவற்றை வாங்கிப் பேணிய ஃபிரேசர் என்னும் பெண்மணி, தம் இறப்புக்குப்பின் அவை தோட்டத்தையே சேரவேண்டுமென எழுதி வைத்தார். 1960-களின் நடுவில் மரங்கள் திரும்பி வந்தன. ஹகிவாரா குடும்பத்தினரின் வீடு நின்ற இடத்தில் அப்போது தாழ்நிலப் பூந்தோட்டம் ஒன்று இருந்தது.