சீனத்துத் தைப்பிங் போரும் அயலார் படைகளும்

அல்சூர் ஏரிப்பக்கம் வாழும் நம்மவர்க்கு மதராஸ் சாப்பர்ஸ் படையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அப்படை வீரரைத் 'தம்பி' என்று அழைப்பதே மரபு. அப்படை பெற்ற போர்ச் சிறப்புகளில் 'டாக்கு கோட்டைகள்', 'பீக்கிங் 1860' என்பனவும் உள்ளன. நம் தம்பியர் கடல் கடந்து யார் பொருட்டுப் போரிட்டனர் என்று ஆராயப் புகுந்த நாம் வியப்பில் ஆழ்ந்தோம்.

அந்நாளில் சீனம் உள்நாட்டுப் போரில் வெந்துகொண்டிருந்தது. அரசுத் தேர்வுகளில் பன்முறை தோற்ற ஹங் சியூசுவான் என்பார், தம்மை ஏசுநாதரின் இளவல் எனக் கூறிக்கொண்டு 1851-இல் மஞ்சுப் பேரரசை எதிர்த்து எழுந்தார். 1853-இல் நான்கிங்கைத் தலைநகராக்கினார். அவர் அரசுக்கு வழங்கிய 'தைப்பிங்' என்னும் பெயருக்குப் பேரமைதி என்று பொருளாம்! அப்போரில் மாண்டவர் இரண்டு கோடிக்குக் குறையார் என்பர்.

ஆங்கிலேயர் முதலில் நடுநிலை பேசினர். ஆனால் 1860 ஆகஸ்டில் நிகழ்ந்ததைக் காண்க. 1858-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பேரரசரைப் பணியவைக்க ஆங்கிலப் பிரெஞ்சுப் படைகள் வடக்கே சென்றன. நம் சாப்பர்களும் உடன் சென்றனர். 21-ஆம் தேதி டாக்கு கோட்டைகள் வீழ்ந்தன. அதே வாரத்தில், தெற்கே ஷாங்காயை நெருங்கிய தைப்பிங் தளபதி லீ சியூசெங்கின் படையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சுட்டு விரட்டினர். பேரரசரின் அந்நகரைக் காத்து நின்றோருள் லூதியானாச் சீக்கியரும் இருந்தனர். வடக்கே பேரரசருக்குப் பகை. தெற்கே அவர்தம் பகைவருக்குப் பகை!

அக்டோபரில் பேரரசு பணிந்தது. போர் இழப்பீட்டைச் சுங்க வருவாயிலிருந்து செலுத்த ஒப்பியது. கடன்பட்டவன் பிழைத்திருந்தாலன்றோ கடன் வசூலாகும்? ஆகவே 1862-இல் ஷாங்காயைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து தைப்பிங்குகளை அகற்றப் பம்பாய், பஞ்சாப் படைப்பிரிவுகளும் ஏவப்பட்டன.

கூலிப்படை திரட்டிப் பேரரசருக்குத் துணைநின்ற வார்டு என்பவர் சேலத்துக்காரர். நம் சேலமன்று, அமெரிக்காவிலுள்ள சேலம். அவர் 1862-இல் மாண்டார். மறு ஆண்டு அப்படைக்குத் தலைமை ஏற்றவர் கார்டன். 1860-இல் பேரரசரின் கோடை அரண்மனையை அழித்த சேனையில் இருந்தவரும் இவரே! 1863 டிசம்பரில் சூச்சோ நகரில் சரணடைந்த தைப்பிங் தலைவர்களைப் பேரரசின் அதிகாரி லீ ஹங்சாங் கொல்வித்தபோது கார்டன் கொதித்தெழுந்தார் என்பதையும் கூறுதல் வேண்டும். எனினும் சில மாதங்களில் மீண்டும் போர்க்களம் புகுந்தார்.

தைப்பிங்கை வென்றவர் கார்டனே என மேனாட்டார் பலர் எழுதிவைத்தனர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. அவர் படை 1864 மே மாதமே கலைக்கப்பட்டது. ஜூலை 19-ஆம் தேதி நான்கிங் மதிலின் அடியில் சுரங்கம் அகழ்ந்து, வெடிமருந்தால் தகர்த்து உட்புகுந்தவர்கள், ஸெங் குவோஃபான் திரட்டிய ஹூனான் நாட்டுச் சீனரே.