ஊர் தெரியாத படம்

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படத்தைப் பார்த்ததும் நாம் கேட்பவை இரண்டு கேள்விகள்: இது யார்? எந்த ஊரில் எடுத்தது? விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலும் கண் அதைவிட்டு நகர்ந்துவிடும். ஆளும் ஊரும் தெரியாத படத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது, நேயர்களே? அமெரிக்கர் இருவர் இக்கேள்வியோடு மல்லுக்கட்டினர்.

1916ஆம் ஆண்டுக் கோடையில், 25 வயது இளைஞரான பால் ஸ்டிராண்ட் கனெக்டிகட் மாநிலத்தில் ட்வின் லேக்ஸ் என்னும் இடத்தில் தங்கியிருந்தார். தாழ்வாரத்தில் கிடந்த வட்ட மேசையைச் சாய்த்து வைத்தார். கிராதியின் நிழல் அதன்மேல் பட்டை பட்டையாக விழுந்தது. அருகே போய்ப் படம் பிடித்தார். வீடு மறைந்தது, மேசையும் ஏறக்குறைய மறைந்தது. எஞ்சியவை சாய்ந்த கறுப்பு வெள்ளைக் கோடுகளும் ஒரு வளைவும்தான்.

அவருடைய படங்களை ஆதரித்து வெளியிட்டவர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். மனித முகங்களைப் படம் பிடிப்பதில் அவர் பேர் பெற்றவர். எதிரே உட்காருபவரை அவர் வசியம் செய்துவிடுகிறார், படத்தின் சிறப்பு அதனால்தான் என்று ஓர் எழுத்தாளர் சொல்லிவிட்டார். நாற்பது ஆண்டு உழைப்பை இப்படி ஒரே வார்த்தையில் தள்ளினால் யாருக்குத்தான் சினம் வராது? 1922இல் அவர் கேமராவை மேகங்களின் பக்கம் திருப்பினார். மேகத்தை வசியம் செய்ய முடியாது. அது எல்லாருக்கும் பொது. அதற்கு வரியும் இல்லை என்று மறு ஆண்டு எழுதினார்.

தொடக்கத்தில் எடுத்த மேகப் படங்களில் அடியில் மலைக்கோடு தெரியும். பிறகு அதையும் விட்டுவிட்டார். மலை போனதும் மேல் எது, கீழ் எது என்பதும் போயிற்று, அளவும் போயிற்று. அப்போது கண் வேறு வேலை தேடுகிறது. இருள் எங்கே கனக்கிறது, வெளிச்சம் எங்கே கிழிகிறது, கோடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறது. ஒரே படத்தை அவரே சில வேளை திருப்பியும் ஒட்டிவைத்திருக்கிறார்.

இதனால், தெளிவில்லாத படமெல்லாம் கலை என்றாகிவிடாது. இடத்தை எடுத்துவிட்டால், மிஞ்சிய ஒளியும் இருளும் தாமே படத்தைத் தாங்க வேண்டும். தாங்காத படங்களே நம் கணக்கில் அதிகம்.

1925 முதல் அப்படங்களுக்கு ‘நிகர்கள்’ என்னும் பொருளில் பெயரிட்டார். தம் மனத்தில் எழுந்த உணர்ச்சிக்கு நிகரானவை என்பது கருத்து. 1930களின் முற்பகுதிவரை எடுத்தவை 200க்கு மேல். பெரும்பாலானவை உள்ளங்கையளவே. அவற்றில் மிகுதியும் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டவை. அந்த ஏரியை அப்படங்களில் எங்கும் காண முடியாது.