மஞ்சள் பச்சையாகும் குழாய்

1953இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்து ட்ரேகர் நிறுவனம் ஒரு சிறு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய். அதன் முனையில் ஒரு பை. குழாய்க்குள் அமிலம் சேர்த்த மஞ்சள் நிறக் குரோமிய உப்பு. மூச்சில் மதுசாரம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். எல்லோரும் ஒரே அளவு காற்றை ஊதவேண்டும் என்பதற்காகவே அந்தப் பை.

1967இல் பிரித்தானியப் பொலிஸார் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். அதற்கு மேல் குற்றம். இலங்கைச் சட்டத்திலும் அதே 80தான். இங்கே வந்ததும் கருவிக்குப் பெயர் பலூன் என்றானது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்து ஆலை, சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். லொறிகளும் பவுசர்களும் கந்தளாய், ஹபரணை வழியாக ஏ6 வீதியில் இரவு பகலாக ஓடுகின்றன. இரவில் மறிக்கும் பொலிஸ்காரர் “ஊதுங்கோ” என்று நீட்டுவது இதைத்தான். குழாயில் போட்ட கோட்டைத் தாண்டிப் பச்சை ஏறினால் சாரதிக்கு நீதவான் நீதிமன்றம், குழாய்க்கு அத்தோடு முடிவு. ஒரு குழாய் ஒரு மூச்சுக்குத்தான் உதவும். இப்போது எண்காட்டும் மின்கருவிகளும் வந்துவிட்டன.

நீதிமன்றத்தில் காத்திருப்பது 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம், சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு இடைநிறுத்தம். கலியாண வீட்டில் ஒருநாள் குடித்தவனுக்கும், விடிந்தால் கை நடுங்கிச் சாராயம் தேடுபவனுக்கும் அதே கணக்கு. குழாய் அன்றைய அளவைச் சொல்லும், நோயைச் சொல்லாது. இரண்டாமவன் கடன்பட்டுத் தண்டம் கட்டுவான். அனுமதிப்பத்திரம் இல்லாமலும் ஓட்டுவான், ஏனென்றால் லொறிதான் சோறு.

பிரித்தானியா இதற்கு ஒரு வழி கண்டது. நீதிமன்றம் சொல்லும் மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தால் ஓட்டத் தடை நாலில் ஒரு பங்குவரை குறையும். தடை போகாது, திருந்த ஒரு காரணம் கிடைக்கும். நம்மிடமும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. சிறைக்குப் பதிலாகச் சமூகவேலை, ஆலோசனை, குடிநோய்ச் சிகிச்சை என்று நீதவான் கட்டளையிட அது இடம் தருகிறது.

உயிர் போன வழக்குகளுக்கு இந்தச் சலுகை கேட்கவில்லை. எவருக்கும் காயமில்லாமல் பலூனில் பிடிபட்டவனுக்கே கேட்கிறேன். திருகோணமலைச் சட்டத்தரணிகளே, கட்சிக்காரருக்குத் தண்டத்தைக் குறைக்கக் கேட்கும்போது, குடிநோய் பற்றிய வைத்திய மதிப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.