எகிப்தியர் கோத்த மணிகள்

சங்கத்தின் பொன்விழா மலருக்கு மணிகளைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். மணி வணிகர்களுக்கு நவமணிகளின் குணமும் குற்றமும் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. ஆகவே நைல் நதிக்கரைக்குப் போகிறேன்.

1914-இல் பிளிண்டர்ஸ் பெட்ரியும் கை பிரன்டனும் லாஹூன் பிரமிடின் அருகே இளவரசி சித்ஹாத்தோர்யூனெட்டின் கல்லறையை அகழ்ந்தார்கள். கள்வர் முன்பே புகுந்திருந்தும், சேறு அடைத்த ஒரு சுவர்க்குழியில் அவளுடைய நகைகள் தப்பியிருந்தன. தந்தை இரண்டாம் செனுஸ்ரெட்டின் பெயர் தாங்கிய மார்புப் பதக்கத்தில் மட்டும் 372 கல் துண்டுகள்! அதனினும் என்னைக் கவர்ந்தது அவளுடைய மேகலை. பொன் சோழிகள், அவற்றுக்கிடையே சூதுபவளமும் பச்சை ஃபெல்ஸ்பாரும் சேர்ந்த மணிச்சரங்கள். சோழிகளுக்குள் சிறு உலோகக் குண்டுகளை இட்டிருக்கிறார்கள், நடந்தால் ஒலிக்கும். கண்ணகியின் சிலம்பில் இருந்த மாணிக்கப் பரல்கள் நினைவுக்கு வராமல் போகுமா?

அந்தச் சூதுபவளம் கொங்கு நாட்டுக் கொடுமணலிலிருந்து போனது என்று மேடையில் முழங்கிவிடக் கூடாது. அது அவர்களுடைய கிழக்குப் பாலைவனத்திலேயே கிடைத்தது. செங்கடல் துறையான குசைர் அல்-காதிமில் கிடைத்த தமிழ்ப் பிராமி ஓடுகள் நமக்குப் பெருமைதான். ஆனால் அவை இளவரசிக்கு வெகு காலம் பிந்திய ரோமானியர் காலத்தவை. லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்துப் படாக்ஷான் மலையிலிருந்து வந்தது. டர்க்காய்ஸ் சினாயில் கிடைத்தது. அங்கே செராபித் எல்-காதிமில் ஹாத்தோர் தேவிக்குக் கோயில் எடுத்து, 'டர்க்காய்ஸ் நாயகி' என்றே தொழுதார்கள். கல் தரும் மலையிலேயே தாயைக் கண்டவர்கள்!

மணி அவர்களுக்கு அழகு மட்டுமன்று, காப்பும்கூட. 'இறந்தோர் நூல்' 156-ஆம் பகுதி, சிவப்பு ஜாஸ்பரில் செய்த ஐசிஸ் முடிச்சை இறந்தவரின் கழுத்தில் அணிவிக்க விதிக்கிறது. அந்தச் செந்நிறம் தேவியின் குருதி. அவளுடைய மந்திர ஆற்றல் அவரைக் காக்கும் என்பது நம்பிக்கை.

துளையிடுவதே கடினம். சோபெக்ஹோதெப் என்ற அதிகாரியின் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஓவியத்தில், ஒரே வில்லால் பல துரப்பணத் தண்டுகளைச் சுழற்றுகிறார் ஒரு தொழிலாளி. பக்கத்திலேயே மணி கோப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தேய்ப்பு மணலும் பொறுமையும்தான் அவர்களுடைய இயந்திரம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தை இன்றும் காணலாம்.

அதிகாரியின் கல்லறையில் தொழிலாளிக்கும் இடம் கொடுத்தது எகிப்து. நம் மலர்களிலோ புரவலர் படங்களே பக்கங்களை நிறைக்கின்றன. பட்டை தீட்டியும் துளையிட்டும் கண் மங்கிய நம் பெரியவர்களின் பெயர்களையும் கருவிகளையும் படத்துடன் அடுத்த மலரில் வெளியிடுமாறு சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.