கடல் கடந்த பாசறையில்: பிரான்ஸ் சென்ற நம் சிப்பாய்கள்

நமது காலனியில் ராணுவ உடுப்பையோ, ராணுவக் கணக்கு அலுவலகத்தின் நாற்காலியையோ அறியாத தமிழ்க் குடும்பங்கள் சிலவே. குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாத இடத்திற்கு மாற்றல் வந்தால், தலைவர் பெட்டி படுக்கையுடன் புறப்படுவார். வீட்டார் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்து இங்கேயே தங்குவர். முதல் வாரம் முழுவதும் அவர் எங்கே உறங்குகிறார், என்ன உண்கிறார் என்பதே வீட்டில் பேச்சாக இருக்கும். வெற்றி தோல்விகளை எழுதும் சரித்திர ஆசிரியர்கள் இக்கேள்விகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இம்மலரில் அவற்றையே ஆராயலாமென்று எண்ணினோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்டது, முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்திற்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் வாழ்க்கை.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. செப்டம்பர் 26ஆம் தேதி லாகூர் டிவிஷன் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. மீரட் டிவிஷன் அக்டோபரில் வந்து சேர்ந்தது. இவ்விரு டிவிஷன்களின் இந்தியக் காலாட்படையினர் பெரும்பாலும் பஞ்சாப், கட்வால், நேபாளம், ராஜபுதனம், வடமேற்கு எல்லைப்புறம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மதராஸ் காலாட்படைகள் அவற்றில் இல்லை. நம்மவர்கள் அப்பொழுது வேறு திசைகளில் அனுப்பப்பட்டனர். உதாரணமாக, 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. ஆயினும் வீட்டை விட்டுச் சென்ற ஒரு சாதாரணச் சிப்பாயின் நாட்களை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், நாம் பிரான்ஸுக்குத்தான் போகவேண்டும். காரணம் பின்னர் விளங்கும்.

மார்ஸேல்ஸ் மக்கள் வீதியில் திரண்டு நின்று, மலர்களை அளித்து அவர்களை வரவேற்றனர். அந்த வரவேற்பைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் நிரம்ப எழுதின. சிப்பாய்கள் மெல்லிய பருத்தி உடுப்பில் வந்திருந்தனர் என்பதைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. கம்பளி உடைகளும் மேலங்கிகளும் தவணை தவணையாகவே வந்தன. அக்டோபர் இறுதியில் முதற் பட்டாலியன்கள் பெல்ஜியத்தின் ஈப்ரே நகரருகே போர்முனைக்குப் போய்விட்டன. ஐப்பசி மழை என்று நாம் சொல்வது ஒரு மழையா? அங்கே தோண்டிய பதுங்குகுழிகளில் முழங்கால் வரை சேறும் நீரும் தேங்கின. பிறகு பனி வந்தது.

அந்நிலையில் ஒருவன் எவ்வாறு குடியமர்வான்? முதலில் அடுப்பை மூட்டுவான். நாம் இவ்வடநாட்டிற்கு வந்த புதிதில் என்ன செய்தோமோ, அதையேதான் அவர்களும் செய்தனர். டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் ஆங்கிலச் சிப்பாய்க்கு உணவாயின. இந்தியச் சிப்பாய்க்கு அவை ஆகா. அவனுக்குரிய படி கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம், மஞ்சள், மிளகாய், இஞ்சி, பூண்டு என்று அமைந்தது. இறைச்சிக்கு ஆடுகளை உயிருடனேயே கொண்டுவந்தனர். ஒரே வீச்சில் வெட்டியதை ஹிந்துக்களும் சீக்கியரும் உண்பர். தங்கள் மார்க்க முறைப்படி அறுத்ததையே முஸ்லிம்கள் உண்பர். எனவே வெட்டும் இடங்கள் இரண்டாயின. போர்முனைக்குப் பின்னால் ரொட்டி சுட்டு, இருள் சூழ்ந்தபின் பதுங்குகுழிகளுக்குச் சுமந்து சென்றனர். பீரங்கிக் குண்டுகள் விழும் பாதையில் ரொட்டிக் கூடை சுமந்தவர்களுக்குப் பதக்கங்கள் அதிகம் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இல்லையேல் பதக்கம் பெற்றவர்கள் நின்றிருக்க முடியுமா என்பதே நமது ஐயம்.

1914 அக்டோபரில் லண்டனில் 'இந்தியச் சிப்பாய்கள் நிதி' என்றொரு அமைப்பு தோன்றியது. கையுறை, காலுறை, கழுத்துத் துணி, நாம் குரங்குக் குல்லாய் என்று சொல்லும் தலைமூடி, மசாலை, இனிப்பு, புகையிலை, மத நூல்கள் ஆகியவற்றை அது சேகரித்து அனுப்பியது. குரங்குக் குல்லாயைப் பரிகசிக்கும் நமது சென்னை உறவினர்கள் இதைக் கவனிப்பார்களாக.

குளிர் தாங்காமல்தான் இந்தியப் படை பிரான்ஸில் தளர்ந்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பிற்காலத்தில் நோய்க் கணக்குகளைப் பரிசீலித்தவர்கள் அதை ஏற்கவில்லை. உடையும் உணவும் சீரானபின் நம்மவர்கள் குளிருக்குப் பழகிக்கொண்டனர் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் பழக்கத்திற்கு வராத ஒன்று இருந்தது. திரும்பிப் போகும் நாள் எது என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதை நாம் எப்படி அறிகிறோம்? அவர்கள் எழுதிய கடிதங்களால் அறிகிறோம். 1915 மார்ச்சில் பிரான்ஸிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்திற்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினர். அவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. எழுதத் தெரிந்த தோழனைப் பிடித்து, பக்கத்தில் அமர்ந்து, சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். அது பட்டாலியன் அதிகாரியின் பார்வைக்குப் போகும். பிறகு தணிக்கை அலுவலகத்திற்குப் போகும். காப்டன் ஈவ்லின் ஹவெல் என்பவர் அதற்குத் தலைவர். உருது, ஹிந்தி, குருமுகி முதலிய எழுத்துக்களிலுள்ள கடிதங்களைப் படித்து, முக்கியமென்று தோன்றியவற்றை அவரது அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கையாக அனுப்பிவந்தது. கடிதம் கடல் கடந்து கிராமத்தை அடைந்தால், அங்கே மனைவிக்குப் படிக்கத் தெரியாது. பள்ளி ஆசிரியரோ, தபால்காரரோ, படித்த பையனோ உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்தார் கூடிக் கேட்பர். பதிலும் அவ்வாறே பிறர் கையால் எழுதப்பட்டுத் திரும்பும்.

கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இத்தனை பேர் அமர்ந்திருந்தால், எந்தக் கணவன்தான் மனத்தில் உள்ளதைச் சொல்வான்? எருமை கன்று ஈன்றதா, நிலத்தின் வழக்கு என்ன ஆயிற்று, கடனுக்கு வட்டி கட்டப்பட்டதா என்று கேட்பான். அன்பு முழுவதும் எருமையின் மேல் ஏறிப் பயணம் செய்தது என்று சொன்னால் வாசகர்கள் நம்மைச் சினந்துகொள்ள வேண்டாம். நமது இல்லங்களிலும் தந்தையார் எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் மணியார்டர் கூப்பனைப் பற்றிய விசாரணையே பாதிக்கு மேல் இருக்கும்.

தணிக்கை உண்டென்பதை விரைவில் அறிந்துகொண்ட சிப்பாய்கள் மறைபொருளாக எழுதவும் கற்றனர். மிளகைப் பற்றி எழுதிய கடிதங்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது, சிவப்பு மிளகு வேறு விதமாகச் செலவாகிறது என்ற போக்கில் அவர்கள் எழுதினர். கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் ஆங்கிலேயர். ஹவெலின் அலுவலகத்திற்கு இது புரியாமலில்லை. இருப்பினும் பெரும்பாலான கடிதங்களை அவர்கள் போகவிட்டனர். நிறுத்தினால் கிராமங்களில் பீதி பெருகும், எழுதுவோர் வாய் மூடிக்கொள்வர் என்பது அவர்களது கணக்கு.

'நீ சேர வேண்டாம், தம்பியையும் சேர விடாதே' என்ற கருத்தை இந்த மறைமொழியில் பலர் ஊருக்கு அனுப்பினர். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நியூவ் ஷாப்பேல் யுத்தத்தில் இந்தியப் படைப்பிரிவில் 4,000க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் போயினர். காயமுற்றவர்கள் ஊர் திரும்புவோமென்று நம்பினர். மருத்துவமனையில் குணமடைந்தவர்களை மீண்டும் போர்முனைக்கே அனுப்பினார்கள். ஒரு முறை ரத்தம் சிந்தியவனை மறுமுறை அனுப்புவது நியாயமா என்ற முறையீடு கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டிற்குச் சென்றுவர விடுப்பும் கிடையாது. நமது நாட்களில் மாற்றல் ஆணையில் எத்தனை ஆண்டுகள் என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் கணக்கிட்டுக்கொண்டே வீட்டிலுள்ளவர்கள் காலம் கழிக்கிறோம். அவர்களுக்கு அந்த எண் இல்லை.

காயமுற்றோர் பலர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே ஒரு பழைய அரண்மனையை 1914 டிசம்பரில் மருத்துவமனையாக்கினர். சக்கரவர்த்தி தம் அரண்மனையையே சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்று பரப்பப்பட்டது. உண்மையில் அக்கட்டடத்தை நகரசபை 1850இலேயே விலைக்கு வாங்கியிருந்தது. ஆனால் ஏற்பாடுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஒன்பது சமையலறைகள், ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், மூன்று எழுத்துக்களில் அறிவிப்புப் பலகைகள். சீக்கியர்களுக்கு ஒரு கூடாரத்தில் வழிபாட்டிடம். சோறிலும் நீரிலும் இவ்வளவு கவனம் காட்டியவர்கள், அதே ஊரில் வேறொரு பெரிய மருத்துவமனையைச் சுற்றி முள்வேலி போட்டுக் காவலும் வைத்தனர். சிப்பாய்கள் ஊருக்குள் சுதந்திரமாக உலவுவதும், ஆங்கிலப் பெண்களுடன் பழகுவதும் ஆட்சியாளருக்கு அச்சமாயிருந்தது. அந்த மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் ஸீட்டன் ஒரு நற்காரியமும் செய்தார். இந்தியர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற பழி எழுந்தபோது, ஆயிரம் காயங்களை ஆராய்ந்து, அதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்.

அந்நகரில் உயிர் துறந்த ஹிந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை, ஊருக்கு வெளியே பாட்சம் என்னும் இடத்திற்கு அருகேயுள்ள மேட்டுநிலத்தில் தகனம் செய்தனர். அவ்விடத்தில் எழுப்பிய சலவைக்கல் சத்திரி 1921 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அது இன்றும் நிற்கிறது.

இருளான பக்கத்தையே சொல்லி வருகிறோம் என்று வாசகர்கள் எண்ணலாகாது. காலாட்படை போனபின்பும் இந்தியக் குதிரைப்படை 1918 வசந்த காலம் வரை பிரான்ஸில் தங்கியது. குளிர்காலங்களில் அவர்களை கிராமத்து வீடுகளில் குடியமர்த்தினர். அங்கே மகன்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த தாய்மார்கள் இருந்தனர். இவர்களோ தாயை விட்டு வந்தவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கணப்பருகே அமர்ந்து, காப்பி குடித்து, விறகு பிளந்து கொடுத்து, சில மாதங்களில் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டவர்கள் பலர். அந்த அம்மாள் தன்னை மகனைப் போல் நடத்தினாள், புறப்படும்போது அழுதாள் என்று எழுதிய கடிதங்கள் உள்ளன. பிரெஞ்சுப் பெண்கள் உழுவதையும் கணக்கு எழுதுவதையும் பத்திரிகை படிப்பதையும் கண்டு வியந்த சிலர், நம் பெண்ணையும் பள்ளிக்கு அனுப்பு என்று ஊருக்கு எழுதினர். நம்மைக் கேட்டால், அந்த யுத்தத்தில் இந்தியக் கிராமங்களுக்குக் கிடைத்த கொள்ளைப்பொருள் அது ஒன்றே என்போம்.

கட்வாலில் ஒரு செய்தி வழங்குகிறது. 1914 நவம்பர் 23ஆம் தேதி இரவு பெஸ்துபேர் அருகே நடந்த சண்டையில் வீரம் காட்டி விக்டோரியா சிலுவை பெற்றவர் நாயக் தர்வான் சிங் நேகி. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, தம் மலைநாட்டில் கர்ணப்பிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றாராம் அவர். பள்ளி பிறகு அமைந்தது.

1915 இறுதியில் காலாட்படை மீண்டும் கப்பலேற்றப்பட்டது. கப்பல் ஊர் நோக்கிச் செல்லவில்லை, மெஸபொடேமியாவிற்குச் சென்றது. குளிருக்குப் பழகியவர்கள் அங்கே கொதிக்கும் மணலில் மீண்டும் அடுப்பு மூட்ட வேண்டியதாயிற்று. அந்நாட்டில்தான் அவர்கள் நம்மவர்களுடன் சேர்கின்றனர். 1917 பிப்ரவரி 23ஆம் தேதி ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் நதியைக் கடந்தபோது, எதிரியின் குண்டுகளுக்கிடையே படகு வலித்தவர்களில் மதராஸ் ஸாப்பர்ஸ் வீரர்களும் இருந்தனர். அவர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள், தமிழில்.

பிரான்ஸ் கடிதங்களில் நமக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் தணிக்கை அலுவலகத்தின் ஆங்கிலப் பெயர்ப்புகளே. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் அவை இருக்கின்றன. 1999இல் டேவிட் ஒமிஸி என்னும் வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து தேர்ந்து ஒரு நூலாக வெளியிட்டார். மூலக் கடிதங்கள் கிராமங்களுக்குச் சென்றன. கூரை ஓட்டின் கீழும் தகரப் பெட்டியிலும் செருகப்பட்டிருக்கும், கறையான் அரித்திருக்கும்.

நமது காலனிக் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனாரோ, அவருடைய தந்தையாரோ ஸாப்பர்ஸ் படையிலோ பயோனியர் படையிலோ இருந்ததுண்டு. பஸ்ராவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்த கடிதம், கார்டு, மணியார்டர் துண்டு எதுவாயினும் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தால், தயவுசெய்து வீசிவிடாமல் சங்கத்தாரிடம் ஒரு முறை காட்டுங்கள். எருமையைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாலும் பரவாயில்லை.