பதிவும் உறவும்

மாணவன் ஒருவனைப் பற்றிய பதிவில் அவன் பயிலும் பள்ளியின் முகவரியையும் எழுதிவைக்க வேண்டுவதில்லை. பள்ளியின் எண்ணை மட்டும் குறித்தால் போதும். முகவரி, பள்ளிக்குரிய பதிவில் ஓரிடத்தில் இருக்கும். பள்ளி இடம் மாறினால் அவ்வோரிடத்தைத் திருத்தினால் முடிந்ததன்றோ! எழுத்தர் எவரும் அறிந்த இம்முறையைக் கணிப்பொறிக்குப் பயிற்றுவிப்பது எளிதாக இருக்கவில்லை. ஒரு பதிவிலிருந்து அதனோடு உறவுடைய மற்றொரு பதிவுக்குச் சென்று, வேண்டிய கட்டத்திலுள்ள மதிப்பை எடுத்து வருவது எங்ஙனம்? இவ்வினா அத்துறை அறிஞரை இரண்டு அணியாகப் பிரித்தது.

1960களின் தொடக்கத்தில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன் ஐ.டி.எஸ். என்னும் தரவுக் களஞ்சியத்தை உருவாக்கினார். அதில் ஒரு பதிவு மற்றொன்றின் இருப்பிடத்தைச் சுட்டி நிற்கும். நிரல் எழுதுவோர் அச்சுட்டுகளைப் பற்றிக்கொண்டே பதிவுக்குப் பதிவு செல்வர். 1973இல் டியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் நிரலாளரை மீகாமனுக்கு ஒப்பிட்டார். உவமை அழகியதுதான். ஆயின், பதிவுகளின் அமைப்பை மாற்றினால், பழைய வழியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பழுதுறும். புதிதாக ஒரு வினா எழுந்தாலோ, அதற்கென நிரல் எழுதப்படும்வரை கேட்டவர் காத்துக்கிடக்க வேண்டும்.

இங்கிலாந்திற் பிறந்து, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வேறொரு வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். தரவுகள் யாவும் அட்டவணைகளாகட்டும்; இருப்பிடச் சுட்டு வேண்டா; இரண்டு அட்டவணைகளிலும் ஒத்திருக்கும் மதிப்பே உறவைக் காட்டட்டும் என்றார். வேண்டுவது இன்னதென்று மனிதன் சொன்னால், வழியைப் பொறி தேடிக்கொள்ளும். 1974இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் காட், பாக்மன் இருவரும் ஒரே அவையில் எதிரெதிர் நின்று வாதிட்டனர். தேர்ந்த நிரலாளர் வகுக்கும் வழியைவிடப் பொறி தேடும் வழி தாமதமாகாதா என்னும் ஐயம் அக்காலத்தில் எளிதில் தள்ளத்தக்கதன்று.

அவ்வையத்திற்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை வந்தது. அவ்வாண்டிலேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் சீக்குவெல் என்னும் வினா மொழியை வெளியிட்டனர். பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் குறுகியது இம்மொழியே. பாய்ஸ் அதன் வளர்ச்சியைக் காணாமல் அவ்வாண்டிலேயே இளமையில் மறைந்தார்.

ஐ.பி.எம். ஆய்வாளர் சமைத்த சிஸ்டம் ஆர் என்னும் அமைப்பில் நான் பெரிதும் வியப்பது ஒன்றுண்டு. அட்டவணைகளின் பெயர்களும் கட்டங்களின் பெயர்களும்கூட அட்டவணைகளிலேயே வைக்கப்பட்டன. ஆகவே, நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கட்டங்கள் உள்ளன என்று கேட்டறிந்து, அப்பொழுதே வினாவைக் கட்டி நிறைவேற்ற இயன்றது. இன்று பள்ளியின் முகவரி, நாளை தலைமையாசிரியரின் பெயர். எது வேண்டப்படும் என்பதை நிரல் எழுதும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டுவதில்லை. (பிறர் தரும் சொல்லை ஆராயாது அப்படியே வினாவிற் சேர்ப்பவர், களஞ்சியத்தின் திறவுகோலை அயலாரிடம் கொடுத்தவராவர். பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே அதனை ஏற்றல் வேண்டும்.)

1981இல் காட் அவர்களுக்கும் டியூரிங் விருது கிடைத்தது, 1986இல் எஸ்.கியூ.எல். அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. எனினும் மீகாமன் முற்றும் மறைந்தாரல்லர். இன்றைய நிரலாளர் பலர் மாணவன், பள்ளி, முகவரி என்று புள்ளியிட்டுப் பாதைபோலவே எழுதுகின்றனர். அப்பாதை உள்ளே அட்டவணைகளின் இணைப்பாக மாற்றப்பட்டே களஞ்சியத்தைச் சென்றடைகிறது.