நீலும் வைகை நீரும்

அசுத்தமான சாயத்தில் தோய்த்த துணியைக் கழுவ, வடியும் நீர் தெளிந்து வருமாயின் துணி தூய்மையாகிவிடும். நிறம் எஞ்சியிருப்பது குற்றமன்று. ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம் இது. துணியின் நிறத்தையன்று, அதிலிருந்து வெளியேறும் நீரையே நம் இமாம்கள் நோக்கினர். இதனை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு வைகை நினைவுக்கு வரும்.

மேகமலையில் பிறக்கும் சுருளியாறு கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்றோடு கூடி, பின்னர் வருசநாட்டு மலையிலிருந்து வரும் வைகையில் கலந்து மதுரை செல்கிறது. அவ்வாற்றங்கரையில் வளர்ந்ததே சுங்குடிக் கலை. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராட்டிர மக்களின் கைத்திறன் அது. துணியை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சினுள் சாயம் புகாது. அவிழ்த்தால் இருள்வானில் விண்மீன்கள் போல் வெண்புள்ளிகள்! உயிரினங்களின் உருவத்தைத் தவிர்க்கும் நம் மரபுக்கு இதனினும் இசைந்த அலங்காரம் ஏது?

தென்னாட்டுச் சாயக்காரர் சிவப்புக்குச் சாயவேரையும் நீலத்துக்கு அவுரியையும் நாடினர். கடுக்காயும் படிகாரமும் சிவப்பை நூலோடு பிணித்தன. அவுரிச் சாயமோ நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்கவைத்த தொட்டியிலேதான் இளகும். அதிலிருந்து எடுத்த துணி பசுமஞ்சளாய்த் தோன்றி, காற்றுப் பட்டதும் நீலமாகும்.

வடமொழி ‘நீலம்’ பாரசீகம் வழியே அரபியில் ‘அந்நீல்’ ஆயிற்று. போர்த்துகீசியர் அதனை ‘அனில்’ என்றனர். 1840-ஐ ஒட்டி ஃபிரிட்சே என்னும் வேதியியலார் அவுரிச் சாயத்திலிருந்து பிரித்த எண்ணெய்க்கு ‘அனிலின்’ எனப் பெயரிட்டார். அதே பொருள் கரித்தாரிலும் கிடைத்தது. 1856-இல் பெர்க்கின் அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி தன்னை வீழ்த்தியவனுக்கே தன் பெயரை ஈந்தது. அதற்காக அவுரியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. 1859-இல் வங்காள உழவர் கிளர்ந்தெழுந்தது அவுரித் தோட்டக்காரரின் கொடுமையால்தான். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு தொழில் நேர்மையானதாகிவிடாது.

நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நிலங்கள் கெட்டன. உழவர் நீதிமன்றம் ஏறினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரிக்கும் பட்டறைக்கே திறக்க வழியுண்டு என்பது நிபந்தனை. நீதிபதிகளும் வடியும் நீரையே நோக்கினர்.

சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அப்பெயரில் கடைகளில் அச்சுப்புள்ளிச் சேலைகளும் விற்கின்றன. வாங்குவோர் விரலால் தடவிப் பார்க்கலாம்: முடிச்சிட்ட புள்ளி சற்றே மேலெழுந்து, ஒன்றுபோல் ஒன்றிராது, அச்சுப்புள்ளி தட்டையாயிருக்கும்.